ஆறாவது படி

ஐயா, நாற்காலியைக் கொஞ்சம் சன்னல் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். தேய்மானம் பார்க்க வெளிச்சம் பக்கவாட்டில் விழவேண்டும்.

இருபத்தாறு வருடங்களாகப் பழைய நாணயங்களுக்குத் தரம் போடுகிறேன். காசு கைமாறக் கைமாற, மேடான இடம்தான் முதலில் தேயும். ராணி முகம் என்றால் கன்னம், பிறகு புருவம், பிறகு கூந்தல். தேய்ந்த காசையாவது மன்னிக்கலாம். துடைத்த காசை மன்னிக்க முடியாது. துணியும் பொடியும் பட்ட இடத்தில் மெல்லிய கீறல்கள் ஓடும். என்னிடம் அந்தப் பாச்சா பலிக்காது. வாடிக்கையாளர்கள் என்னை 'நாணயமானவர்' என்பார்கள். அரதப்பழசான சிலேடை. ஒவ்வொரு முறையும் சிரித்துவைப்பேன்.

எனக்கென்று இருந்தது ஒரே ஒரு காசு. யார் கையிலும் புழங்காத வெள்ளி, ராணி முகம். பத்தொன்பது வருடம் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். மனசு சரியில்லாத நாட்களில் எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஒருநாள் மேசைமேல் மறந்து வைத்துவிட்டேன். கடையில் எனக்கு ஒத்தாசையாக இருந்த மைத்துனன், மனைவியின் தம்பி, நாற்பது வயதுக்காரன், அதைப் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டான்.

"அத்தான், கண்ண மூடுங்க. ம், இப்பத் தெறங்க! எப்படி? கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்ல? கறுத்துப்போய்க் கெடந்துச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு."

"உங்களுக்காகக் காலைலேர்ந்து உக்காந்து தேய்ச்சிருக்கான்," என்றாள் மனைவி.

லென்ஸில் பார்த்தேன். எங்கு பார்த்தாலும் கீறல். கன்னம் தட்டையாகிப் போயிருந்தது. "ரொம்ப நல்லா இருக்குப்பா," என்றேன். நல்லவன்தான், சூதுவாது தெரியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடையில் பரணுக்கு ஏற ஒரு மர ஏணி உண்டு. எனக்கு முட்டிவலி, அவன்தான் ஏறுவான். ரம்பத்தால் அறுத்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். அது கத்துக்குட்டி வேலை. நான் ஆறாவது படியைத் தோலும் மணலும் வைத்துத் தேய்த்தேன். தினமும் மதியம், அவன் சாப்பிடப் போயிருக்கும் நேரம், கால் மணி. கால் படும் நடுப்பகுதியில் அதிகம், ஓரங்களில் குறைவு. பிறகு அழுக்கு எண்ணெய் பூசி நிறத்தைச் சரிக்கட்டினேன். ஏழு மாதம் ஆயிற்று. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இது வெறும் மரம்.

அவன் இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கும்போது படி முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மனைவி அதற்குப் பிறகும் சாப்பாட்டு வேளையில் அவனுக்கு ஒரு தட்டு சேர்த்து எடுத்துவிட்டு, திரும்ப அடுக்கில் வைத்துவிடுவாள்.

உங்கள் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, 'பழைய ஏணி, இயல்பான தேய்மானம்' என்று எழுதினார்கள். இரண்டு மாதம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு தூக்கம் கெட்டது. போலியை அசல் என்று எழுத நான் யாரையும் விட்டதில்லை. அதனால்தான் நானாக வந்தேன்.

"ஒரு காசுக்காகவாய்யா?" என்று நேற்றுக் கேட்டீர்கள். அவன் அதன் கன்னத்தைத் தேய்த்துவிட்டான் ஐயா. அதற்காக.

வழக்குக்கு வேண்டும் என்று அந்தக் காசுக்கும் தரம் போட்டுத் தரச் சொன்னீர்கள். போட்டுவிட்டேன். கீறல்கள் பல்பொடியால் வந்தவை, ஒரு காலைநேர வேலை. கன்னம் மழுங்கியது வேறு கணக்கு. அதைப் பொடி ஒரு நாளில் செய்யாது. வெறும் கட்டைவிரல், வியர்வையோடு, ஒரே இடத்தில், பல வருடம் தடவியிருக்கவேண்டும். யார் என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறேன்.

பெட்டிச் சாவியா? அது எப்போதும் என்னிடம்தான் இருந்தது.