கால் சுத்து

ராத்திரி பதினொண்ணே முக்கால். ஊருக்கு வெளிய போற ரோடு... ஒரு பக்கம் நீளமா குடோன் சுவர், இன்னொரு பக்கம் வெறும் முள்ளுக் காடு. நாலு விளக்குல ஒண்ணுதான் எரியும். அந்த ரோட்டுல ஒரு மனுஷன் தனியா பைக்ல வந்துட்டிருக்கார். சட்டைப் பையில ஒரு சின்னத் தகர டப்பா.

இருங்க, அந்த ஜன்னலைச் சாத்துங்க, சாரல் அடிக்குது. டிரைவர் அண்ணே, நீங்களும் வேனுக்குள்ள வந்துடுங்க. மெக்கானிக் வந்து வண்டியைப் பார்க்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். இது எங்கயோ காதுல விழுந்த கதை இல்ல. முன்னாடி நான் இருந்த ட்ரூப்ல கீபோர்டு வாசிச்ச பொண்ணோட அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவ கதை விடுற ஆள் இல்ல. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

அந்த மனுஷனுக்கு ரேடியோ, ஆம்ப் எல்லாம் ரிப்பேர் பண்ற கடை. காதோரம் எப்பவும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் சொருகியிருப்பார். அதனால கடைத்தெருவுல அவருக்குப் பேரே திருப்புளி. ஆனா பதினாலு வருஷம் முன்னாடி அவர் ரிப்பேர்காரர் இல்ல. கிட்டார்காரர். அவரும் நெட்டையன்னு ஒருத்தனும் ஒரே பேண்டுல ரெண்டு கிட்டார். ஒரே தட்டுல சாப்பிட்ட சிநேகிதம். வாசிக்கிறதுல திருப்புளி கெட்டி. கிட்டாரைப் பிரிச்சு மாட்டுறதுல நெட்டையன் கெட்டி. ரெண்டு கிட்டாரையும் அவன்தான் சரி பண்ணி வெப்பான்.

ஒரு நாள் திருப்புளி பைக்ல விழுந்து இடது மணிக்கட்டு உடைஞ்சுது. கட்டுப் பிரிச்சு மூணு மாசம் ஆகியிருக்கும்... பேண்டுக்கு ஒரு பெரிய ஹோட்டல்ல நிரந்தர வேலை வந்துது. ஆனா கிட்டார் ஒண்ணு போதும்னுட்டாங்க. ரெண்டு பேரும் மேடையில வாசிச்சுக் காட்டணும். திருப்புளி வாசிக்கிறார்... மெல்லிசுக் கம்பியெல்லாம் செத்துக் கிடக்கு. பாட்டு மேல ஏற வேண்டிய இடத்துல எல்லாம் சத்தம் கிணத்துக்குள்ள போகுது. நெட்டையன் பேண்டு லீடர்கிட்டப் போயி கண்ணு கலங்கச் சொன்னானாம், "பாவம் சார்... கை போச்சு."

எல்லாரும் நம்பினாங்க. திருப்புளியே நம்பினார், அதுதான் கொடுமை. கிட்டாரைப் பெட்டியில வெச்சுப் பூட்டி பீரோ மேல போட்டவர், பதினாலு வருஷம் தொடலை. அவருக்குப் பொண்ணு பொறந்தப்போ இடது கையில வாங்கவே மாட்டேன்னுட்டாராம்... நழுவ விட்டுடுவோமோன்னு.

இப்ப ரோட்டுக்கு வருவோம். நெட்டையன் செத்து இருபது நாள் ஆகுது. அவன் சம்சாரம் போன் பண்ணி வரச் சொன்னாங்க. "அண்ணே, உங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கார்"னு சொல்லி அந்த டப்பாவைக் கையில குடுத்தாங்க. உள்ள ரெண்டு பிக்கப். சாகுறதுக்கு முன்னாடி அவன் கையாலயே கம்பி சுத்தினது. அடுத்த சனிக்கிழமை அதே ஹோட்டல்ல அவன் நினைவா ஒரு கச்சேரி, அதுல திருப்புளிதான் வாசிக்கணும், அதுவும் அவன் ஆசையாம். மனுஷன் உருகிப்போயிட்டார்.

டிரைவர் அண்ணனுக்காகச் சொல்றேன். பிக்கப்புன்னா கிட்டார் கம்பிக்கு அடியில இருக்குற காந்தக் கட்டை. அதைச் சுத்தி தலைமுடியை விட மெல்லிசா செப்புக் கம்பி ஆயிரக்கணக்குல சுத்தியிருக்கும். மேல கம்பி அதிர்றதை அதுதான் பிடிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்பும். அது இல்லன்னா எலெக்ட்ரிக் கிட்டார் வெறும் பலகை.

குடோன் சுவர் பக்கம் வரும்போது... பையில சத்தம். டக். கொஞ்ச தூரம் போனா... டக். காந்தம் ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்குது போலன்னு வண்டியை ஓரங்கட்டி டப்பாவைத் திறந்தார். ரெண்டும் தனித்தனியா ஸ்பாஞ்சுல இறுக்கி வெச்சிருக்கு. அசைக்கவே முடியலை. மூடிப் பையில வெச்சு கிளம்பினார். டக். கூடவே ஒரு வாசனை... உருக்கின மெழுகு. சுத்தின பிக்கப்பை மெழுகுல முக்கி எடுப்பாங்க, அந்த வாசனை. இருபது நாள் பழசான மெழுகு எப்படிச் சூடா மணக்கும்? அவர் திரும்பிப் பார்க்கலை. ஆக்ஸிலேட்டரை முறுக்கிட்டு வந்துட்டார்.

மறுநாள் பீரோ மேலேர்ந்து பெட்டியை இறக்கினார். பூட்டு துருப்பிடிச்சு, தட்டித்தான் திறக்க வேண்டியிருந்துது. பழைய பிக்கப் ரெண்டும் மெல்லிசுக் கம்பிப் பக்கம் சாஞ்சு உள்ள அமுங்கிக் கிடந்துது. ஸ்பிரிங் தளர்ந்துடுச்சுன்னு நினைச்சுட்டார். கழட்டி ஒரு கிண்ணத்துல போட்டுட்டு நெட்டையன் குடுத்ததை மாட்டினார்.

பிக்கப்பை மாட்டுறது பெரிய விஷயம் இல்ல. உசரம் வெக்கிறதுதான் விஷயம். கழுத்துப் பக்கம் கம்பி அகலமா ஆடும், அங்க பிக்கப் கொஞ்சம் பள்ளத்துல இருக்கணும். கம்பி முடியற கடைசிப் பக்கம் ஆட்டமே கம்மி, அங்க கிட்டக்கக் கொண்டு வரணும். ரொம்பக் கிட்டப் போனா காந்தம் கம்பியைப் பிடிச்சு இழுத்து சுரம் கோணும். தள்ளிப் போனா சத்தம் செத்துடும். ஒவ்வொரு பிக்கப்புக்கும் பக்கத்துக்கொரு ஸ்க்ரூ, மொத்தம் நாலு. கால் சுத்து திருப்பணும்... வாசிச்சுக் கேக்கணும்... மறுபடி கால் சுத்து. திருப்புளிக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. கடைசியில ரெண்டையும் சேர்த்துப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்க... அவர் சம்சாரம், அந்த அக்கா, அடுப்படியிலேர்ந்து கரண்டியோட வந்து நின்னாங்களாம்.

மறுநாள் காலையில எடுத்து வாசிச்சா மெல்லிசுக் கம்பி மந்தமா இருக்கு. பிக்கப் அந்தப் பக்கம் இறங்கியிருக்கு. சரி, ஸ்பிரிங் புதுசு, உக்காரட்டும்னு ஏத்தி வெச்சார். அதுக்கு அடுத்த நாளும் இறங்கியிருக்கு. சரியா கால் சுத்து.

மூணாவது நாள்தான் கவனிச்சார். ஸ்க்ரூ தலையில ஒரு வெட்டு இருக்கும் இல்ல... அந்த வெட்டு கம்பிக்கு நேரா நின்னுது. ஒண்ணு இல்ல, நாலும். நெட்டையனுக்கு ஒரு பழக்கம். எந்த ஸ்க்ரூவைத் தொட்டாலும் வெட்டைக் கம்பிக்கு நேரா நிறுத்தாம விட மாட்டான். கோணலா இருந்தா தூக்கம் வராதுன்னு சொல்லுவான். திருப்புளிக்கு அந்தக் கிறுக்கு கிடையாது.

ஓடிப்போயி கிண்ணத்துல கிடந்த பழசை எடுத்துப் பார்த்தார். ஸ்பிரிங்கை விரலால அமுக்கினார். கல்லு மாதிரி நிக்குது. தளரவே இல்ல. பதினாலு வருஷம் பூட்டின பெட்டிக்குள்ள யாரும் தொடலை. அப்ப அது இறங்கினது என்னைக்கு? வாசிச்சுக் காட்டின அன்னைக்கு. கடைசியா அதைத் தொட்டது யாரு? "குடுடா, செட் பண்ணித் தரேன்"னு வாங்கிட்டுப் போனவன்.

அவர் நேரா கிட்டார்கிட்டப் போனார். நெட்டையன் பிக்கப்பைப் பிடுங்கிப் போட்டுட்டு தன்னோட பழசையே மறுபடி சால்டரிங் பண்ணினார். உசரத்தைச் சரியா ஏத்தினார். அன்னைக்கு மேடையில வாசிச்ச அதே பாட்டை முதல்லேர்ந்து வாசிச்சார். மேல ஏற வேண்டிய இடத்துல எல்லாம் மணி மாதிரி ஏறுது. ஒரு சுரம் நழுவலை. கை போகவே இல்ல. எப்பவுமே போகலை. இடது கையை மடியில வெச்சுக்கிட்டு அந்த மனுஷன் அழுதிருக்கார்... பெத்தவங்க போனப்போ கூட அப்படி அழுததில்லன்னு அக்கா சொன்னாங்க. செத்தவனைத் திட்டக் கூடாதுன்னு யாராவது இப்ப எனக்கு புத்தி சொன்னீங்க, இறக்கி மழையில நிக்க வெச்சுடுவேன்.

அன்னைக்கு ராத்திரி அவர் தூங்கலை. கிட்டாரை எதிர் நாற்காலியில சாய்ச்சு வெச்சுட்டு உக்காந்திருந்தார். ரெண்டு மணி இருக்கும்... மெழுகு வாசனை. அப்புறம் சன்னமா... கிர்ர்க். ஸ்க்ரூ தானா திரும்புது. மெதுவா, பொறுமையா. மெல்லிசுக் கம்பிப் பக்கம் முதல்ல. கால் சுத்து போச்சு... நின்னுது. யாரோ காது குடுத்துக் கேக்குற மாதிரி ஒரு நிமிஷம் சும்மா இருந்துது. அடுத்த ஸ்க்ரூ.

"இன்னும் என்னடா வேணும் உனக்கு?"ன்னு கேட்டாராம். கத்தலை. சாதாரணமாத்தான் கேட்டார். கடைசி ஸ்க்ரூ வெட்டு கம்பிக்கு நேரா வந்து நின்னுது.

விடிஞ்சதும் மறுபடி உசரம் வெச்சார். அக்காவோட நெயில் பாலிஷை எடுத்து நாலு ஸ்க்ரூ தலையிலயும் சொட்டு விட்டுக் காய வெச்சுட்டார். நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றதுதான், திருகு நகராது. அன்னைக்கு ராத்திரி பூரா அந்த ரூம்ல சத்தம். கிர்ர்க்... கிர்ர்க்... வழுக்கிப்போற சத்தம். விடியற நேரத்துல நின்னுது. போயிப் பார்த்தா பிக்கப் ஒரு நூல் கூட இறங்கலை. மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். அடுப்படிப் பக்கம் திரும்பி அக்காகிட்ட டீ கேட்டார்.

அக்கா திரும்பலை. இன்னொரு தடவை கேட்டார். பக்கத்துல போயிக் கேட்டப்புறம்தான், "ஏங்க, தொண்டை கட்டியிருக்கா?"ன்னு கேட்டாங்க.

தொண்டை கட்டலை. கரகரப்பு இல்ல, வலி இல்ல. சத்தம் மட்டும் கம்மி. அதுவும் முதல்ல போனது மெல்லிசு சத்தம்தான். 'ச' கேக்கலை. 'சரி'ன்னா 'அரி'ன்னு காதுல விழும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கம்மி. அதுக்கடுத்த நாள் இன்னும். டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு தொண்டையில ஒண்ணுமே இல்லன்னுட்டார். தினம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

வெள்ளிக்கிழமை ராத்திரி அக்காவையும் என் சிநேகிதியையும் உக்கார வெச்சு, காதுகிட்ட வாயைக் கொண்டு வந்து, நடந்தது எல்லாத்தையும் சொன்னார். கச்சேரிக்குப் போகாதீங்கன்னு ரெண்டு பேரும் கெஞ்சினாங்க. கேக்கலை. எந்த மேடையில கை போச்சுன்னாங்களோ அதே மேடையில, அதே லீடர் முன்னாடி, நாளைக்கு நான் சொல்லணும்... மைக் இருக்கு இல்ல, போதும்னார்.

சனிக்கிழமை. ஹால் நிரம்பியிருந்துது. நெட்டையன் படம் மேடையில. அதுக்குப் பக்கத்துல நின்னு திருப்புளி வாசிச்சார். என் சிநேகிதி அவருக்கு ரெண்டடி தள்ளி கீபோர்டுல இருந்தா. அப்படி ஒரு டோன் அவ கேட்டதே இல்லையாம். லீடர் வாயைப் பொளந்துட்டு உக்காந்திருந்தார். வாசிச்சு முடிச்சதும் லீடரே மேல வந்து அதே மைக்ல நாலு வார்த்தை பேசினார், ஹால் கடைசி வரைக்கும் கேட்டுது. அப்புறம் மைக்கை இவர் கையில குடுத்தார்.

திருப்புளி வாயைத் திறந்தார்.

நான் சவுண்ட் மிக்ஸர்ல உக்காருற ஆள், அதனால சொல்றேன். மைக் செத்துப்போனா ஒண்ணுமே வராது. இங்க வந்துது. சட்டை உரசுறது கேட்டுது. அவர் காலை மாத்தி வெச்சது கேட்டுது. மூச்சு கூடக் கேட்டுது. குரல் மட்டும் வரலை. மிக்ஸர்காரன் சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏத்திட்டான். கழுத்து நரம்பு புடைச்சு, முகம் சிவந்து, அந்த மனுஷன் கத்துறார். "அவன்தான்... அவன்தான் இறக்கினான்"னு உதடு அசையுறது என் சிநேகிதிக்குத் தெரியுது. அவளாவது எழுந்து சொல்லியிருக்கலாம். கால் நகரலைன்னு சொல்லி அழறா இன்னைக்கும்.

ஹால்ல இருந்தவங்களுக்கு என்ன தெரியும்? சிநேகிதனை நினைச்சு வாயடைச்சு நிக்கிறார்னு நினைச்சாங்க. ஒருத்தர் எழுந்தார். அப்புறம் எல்லாரும் எழுந்தாங்க. கைதட்டல் நிக்கவே இல்ல. லீடர் கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டார். சிநேகிதன்னா இப்படி இருக்கணும்னு பின்னாடி யாரோ சொன்னாங்களாம்.

அவர் குரல் திரும்பி வரவே இல்ல. கிட்டாரை வித்துட்டார். இப்ப பாக்கெட்ல ஒரு குட்டி நோட்டு வெச்சிருக்கார், அதுல எழுதிக் காட்டுவார். நெட்டையனைப் பத்தி எழுதிக் காட்டினா, துக்கத்துல இவருக்கு புத்தி பேதலிச்சுடுச்சுன்னு முதுகைத் தடவிக் குடுக்குறாங்களாம்.

ஆனா என் சிநேகிதியைத் தூங்க விடாதது அது இல்ல. அன்னைக்கு மேடையை விட்டு இறங்கினதும் நெட்டையன் சம்சாரம் வந்து திருப்புளி கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். "அண்ணே, சாகுறதுக்கு முந்தின நாளே அவர் சொன்னார்"னாங்களாம். "அவன் வருவான்... நல்லா வாசிப்பான்... ஆனா ஒரு வார்த்தை பேச மாட்டான் பாருன்னு. சொல்லிட்டு ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டே இருந்தார்ண்ணே."