மண்ணுக்கு அந்தப் பக்கம்

காற்று வருகிறது, கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். இது நம்ம பூமிநாதனுடைய பெரியப்பா செம்மலைக்கு நடந்தது. அப்போது அவர் இளவட்டம், அதனால் அவன் என்றே சொல்கிறேன்.

கோழி கூப்பிடுகிற நேரம். நாட்டரசன்கோட்டைக்கு வடக்கே, செம்மண் மேட்டை ஆழமாக வெட்டி ரயில் விட்ட புதிது. ஆள் நடமாட்டம் கிடையாது. முந்தின ராத்திரி கார்த்திகைப் புயல் ஆடித் தீர்த்ததில், மேடு இரண்டு பக்கமும் சரிந்து பாதையை மூடிவிட்டது. ரயில்பாதை வேலை பார்க்கிற செம்மலையின் கூட்டம் மண்வெட்டியும் கூடையுமாகப் போய் நின்றபோது... ஒரே ஈர மண் வாடை.

ரயிலைப் பற்றியா செம்மலைக்குக் கவலை? மழைக்காலத்தில் லாந்தரும் சுத்தியலுமாகப் பாதையைப் பார்த்துவருகிற வேலை அவன் தம்பி சின்னச்சாமிக்கு. ராத்திரி போனவன் திரும்பவில்லை. கல்யாணமாகாத பிள்ளை.

அந்த வேலைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தூரத்தில் நிற்கிறவனைக் கூவிக் கூப்பிட மாட்டார்கள். தண்டவாளத்தில் சுத்தியலால் இரண்டு தட்டு. அவனும் இரண்டு தட்டுவான். இருக்கிறேன் என்று அர்த்தம்.

செம்மலை தட்டினான். குனிந்து காதை வைத்தான். இரும்பு சில்லிட்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, மண்ணுக்கு அந்தப் பக்கமிருந்து... டங்... டங்.

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

"ஆத்தாகிட்ட ஓடிச் சொல்லு. தம்பி அங்குட்டு உசுரோட இருக்கான், உலை வைக்கச் சொல்லு" என்று ஆளனுப்பினான்.

அன்று அவன் வெட்டிய வெட்டில் உள்ளங்கைத் தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை. கை ஓய்ந்தால் தட்டுவான். பதில் வரும். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

பொழுது சாயும்போது, குவியலின் நடுவில் மண்வெட்டியில் துணி சிக்கியது. சின்னச்சாமிதான்... உடம்பு விறைத்து, வாய் நிறைய மண். ராத்திரியே போய்விட்டான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு தண்டவாளமும் முறிந்து, ஒரு முழம் விலகிக் கிடந்தன. அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தப் பக்கம் வர வழியே இல்லை. அந்தப் பக்கம் ஆளும் இல்லை.

கட்டிலில் போட்டுத் தூக்கிவந்தார்கள். தாய் ராக்காயி சோறு வடித்து வைத்துவிட்டு வாசலில் நின்றாள். பாவம், அவளுக்கு அழக்கூட வரவில்லை.

கல்யாணமாகாதவனை எரிக்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை, புதைப்பதுதான். மறுநாள் குழி வெட்டியாயிற்று என்று ஆள் வந்து சொன்னான். ராக்காயி தூக்க விடவில்லை. சுத்தியலைக் கொண்டுவந்து மூத்தவன் கையில் திணித்து, கட்டில் காலைக் காட்டினாள்.

"பொழுதுக்கும் ஒனக்குப் பதில் சொன்னானேப்பா. இன்னொருக்காத் தட்டிப் பாரு. வரலைன்னா எடுத்துட்டுப் போங்க."

செம்மலை வாங்கினான். தட்டவில்லை.

பதில் வராது என்று நினைத்திருந்தால் தட்டியிருப்பான். வந்துவிட்டால்... நாளெல்லாம் மண்ணை அள்ளி வெளியே எடுத்த தம்பி மேல், மறுபடி எப்படி மண்ணைப் போடுவான்?