சாவிக்காரனின் இடது கை

நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஸ்பானிய மொழியை எங்கள் பிள்ளைகளின் நாவில் குடியேற்றிய ஆசிரியை அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, பெற்ற பெருமிதம் பொங்க வந்திருக்கும் தாய்மார்களே, சான்றிதழ் வாங்கிய செல்வங்களே! பெற்றோர் சார்பில் பேச வேறு யாரும் சிக்காததால் மேடையேறிய இந்தச் சாவிக்காரனின் வணக்கம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். என் தொழிலுக்கு மூலதனம் அரம் அல்ல, சந்தேகம். ஒருவர் சாவியை நீட்டி, இதேபோல் இன்னொன்று என்று கேட்டால், சாவிக்கு முன்னால் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். யார் வீட்டுச் சாவி? இரண்டாவது எதற்கு? இரண்டு சாவிகள் இரட்டைப் பிள்ளைகள் போலிருக்கும். ஒரு பல் மயிரிழை மாறியிருந்தால் ஒன்று திறக்கும், மற்றொன்று பூட்டுக்குள் முறியும்.

அப்படிப்பட்டவன் வீட்டில், பெற்ற மகள் மூன்று வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்தால்? காதைக் கதவில் வைத்தேன். "பெரோ... பெர்ரோ. காரோ... கார்ரோ." ஒரே சொல்லை எதற்கு இரண்டு முறை சொல்கிறாள்? யாரிடம் சொல்கிறாள்? பதிலே பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பொறுமைசாலி எவன்?

"ஏங்க, அவ பாஷை படிக்கிறா" என்றாள் என் மனைவி.

"படிக்கிறவ எதுக்குக் கதவைச் சாத்தணும்?"

"நீங்க வெளிய நிக்கிறீங்கல்ல, அதுக்குத்தான்."

தாய்மார்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது. தட்டுங்கள், அவளும் உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு நாள் மகள் வெளியே போன சமயம், அவள் மேசை இழுப்பறையின் பூட்டை இந்தக் கைகளால் திறந்தேன். பத்தே நொடி. காதல் கடிதத்தைத் தேடிய கைக்குக் கிடைத்தவை துண்டுச் சீட்டுகள், சீட்டுக்கு இரண்டு சொற்கள். அடியில் ஒரு தாள். கேட்டல் தேர்வில் தோல்வி, இனி ஒரே ஒரு வாய்ப்பு என்றது அது. தேறினால், ஸ்பானிய மொழிக்காரர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. தவறினால் அது வேறொருவருக்கு.

நிமிர்ந்தேன். வாசலில் மகள்.

"கேட்டிருந்தா நானே சாவி குடுத்திருப்பேன்ப்பா."

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் காலை என் முன்னால் சீட்டுகளை வைத்தாள். "பெரோன்னா 'ஆனா'. பெர்ரோன்னா நாய். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. நாக்கு பிரிச்சாத்தான் காது பிரிக்கும்னு டீச்சர் சொல்றாங்க. நான் சொல்றேன், நீங்க கேளுங்க. ஒண்ணா இருந்தா இடது கை, வேறயா இருந்தா வலது கை."

நம் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாக்கிப் பேசிப் பழகிய வாய் அல்லவா? நோட்டால் வாயை மறைத்துக்கொள்வாள், தொலைபேசியில் வாய் தெரியாதே! அவள் சொல்வாள், நான் இடது கையைத் தூக்குவேன். மறுபடி இடது. மறுபடியும் இடது. "டிராஃபிக் போலீஸ்ல சேரப் போறீங்களா?" என்றாள் மனைவி.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தது. மகளின் கண்கள் சிவந்திருந்தன. என் மனம் கேட்கவில்லை. வலது கையைத் தூக்கினேன். அடுத்ததற்கும் வலது. அதற்கடுத்ததற்கும் வலது! நோட்டு மெல்ல இறங்கியது.

"இப்ப என்னப்பா கேட்டீங்க?"

"ரெண்டு வார்த்தை. சுத்தமா, தனித்தனியா."

"ஒரே வார்த்தையைத்தான் ரெண்டு தடவை சொன்னேன்."

தூக்கிய வலது கையை மெல்ல இறக்கினேன்.

"ஊர்ல எல்லார் மேலயும் சந்தேகப்படுறீங்க. இதுல மட்டும் ஏன்ப்பா என்னைச் சும்மா விடுறீங்க?"

அன்பர்களே, எந்த நீதிபதி என்னை இப்படிக் கேட்டிருக்கிறார்? சந்தேகப்பட வேண்டாத இழுப்பறையைச் சந்தேகப்பட்டேன், சந்தேகப்பட வேண்டிய உச்சரிப்பைச் சும்மா விட்டேன்! பிள்ளைகளின் பூட்டை விட்டுவிடுங்கள். அவர்கள் உங்கள் காதைக் கேட்கும்போது அதை முழுசாகக் கொடுங்கள். பிழையைப் பிழை என்று சொல்ல வீட்டில் ஒரு கை வேண்டாமா? அது பெற்ற கையாக இருக்கக் கூடாதா?

அந்த இரண்டு நாளும் என் இடது தோள் வீங்கும்வரை கையைத் தூக்கினேன். தேறினாள்! முத்திரை அசல்தானா என்று சற்றுமுன் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆசிரியை மன்னிக்க வேண்டும், தொழில் புத்தி.

அதோ, மூன்றாவது வரிசையில் அழைப்பிதழால் வாயை மறைத்துக்கொண்டு என் மகள் எழுந்துவிட்டாள். சொல்லம்மா... கேட்டீர்களா? வலது கை! தூக்கியது காதா, பாசமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். அவளுக்கும் வந்துவிட்டது, மறுபடி சொல்கிறாள். ம்... ஒரே சொல்லை இரண்டு தடவை! இது இடது.

அழைப்பிதழ் இறங்கிவிட்டது. சிரிக்கிறாள்.

தூக்கிய இரண்டு கைகளையும் உங்கள் முன் சேர்த்துக் கூப்புகிறேன். பொறுத்துக் கேட்ட காதுகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்.