வாசல் மண்டபத்தில் ஒரு கல்யாணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் ஒரு மாலை, மெல்போர்ன் டிராமில் எனக்கு முன் இருக்கையிலிருந்து தமிழ் கேட்டது. என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒட்டுக் கேட்பது சரியில்லை என்று தோன்றினாலும், மாதக்கணக்கில் தமிழ் கேட்காத காது நகர மறுத்தது. நெற்றியில் விபூதி பூசிய யாழ்ப்பாணத்துப் பெரியவரும் அவருடைய மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, நீங்கள் சேர்ச்சுக்குள்ள வரத் தேவையில்லை. வாசல்லயே கலியாணத்தை வைக்கலாம்.”

“ஆர் சொன்னது?”

“பாதிரியாரிட்டக் கேட்டனான். பீட்டரும் என்னை வாசல்ல வச்சுக் கட்ட ஓமெண்டிட்டார். அது இங்கிலாந்தின்ரை பழைய ஊர்ச் சேர்ச் மாதிரிக் கட்டினது. கதவுக்கு வெளியில கூரை போட்ட கல் மண்டபம் இருக்கு. அந்தக் காலத்தில அங்க வச்சுத்தான் மோதிரம் போடுவினமாம். யூனிவர்சிட்டியில படிச்சனான்.”

“அப்ப என்னைச் செருப்புக் காவலுக்கு விடப்போறாய்.”

“சேர்ச்சில செருப்புக் கழட்டுறேல்லை, அப்பா.”

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. குழந்தையின் தலைமயிரில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“சரி, வாறன். உன்ரை கலியாணத்தை வெளியில நிண்டு பாக்கிறன். மோதிரம் போட்ட பிறகு?”

“எல்லாரும் உள்ளுக்குப் போவம். பலிபீடத்துக்கு முன்னால ஜெபம் இருக்கு.”

“நான்?”

“மண்டபத்தில இருக்கிறதுக்குக் கல் ஆசனம் கட்டியிருக்கு.”

டிராம் ஒரு நிறுத்தத்தில் நின்று மீண்டும் புறப்பட்டது.

“கதவைச் சாத்திப்போடுவினமோ, பிள்ளை?”

“யூலை மாதம் இங்க குளிர்காலம், அப்பா,” என்றாள். “உள்ள இருக்கிற ஆக்களுக்குக் குளிரும்.”