ஊரறிந்த ரயில்

சீனச் சண்டை நடந்த சமயம். திருச்சி போகும் பஸ் கீரனூரில் நின்றிருந்தது. எனக்கு முன் சீட்டில் இருவர். வெவ்வேறு பத்திரிகைகளின் புதுக்கோட்டை நிருபர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"ஊருக்கே தெரிஞ்ச சேதி, பேப்பருக்கு மட்டும் ரகசியமாம்," என்றார் இளையவர். "பட்டாளத்து ரயில் நம்ம ஸ்டேஷன்ல நின்னுச்சு. சனமெல்லாம் மாலை போட்டு மோரு குடுத்துச்சு. அதை எழுதி பஸ்ஸுல குடுத்தனுப்பினா, ஆபீஸ்ல மொத்தத்தையும் அடிச்சுட்டாங்க."

"பட்டாளம் போற வழியப் போடலாமாங்க? எதிரியும் பேப்பர் படிப்பான்ல," என்றார் மூத்தவர்.

"அப்ப சர்க்கார் சொல்றத மட்டுந்தான் போடணுமா? நாளைக்கு அரிசி வெலையையும் ரகசியம்பாங்க."

பஸ் புறப்பட்டது.

"ரயில் வர்றத ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார் மூத்தவர்.

"எந்தம்பிதான் கடுதாசி எழுதியிருந்தான். அவனும் அதுலதான் போனான்."

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

"இப்ப எங்கிட்டு இருக்காராம்?"

"தெரியலங்க. ஆத்தா கேக்குதுன்னு தெனமும் எல்லாப் பேப்பரையும் பொரட்டுறேன். ஒருத்தனும் போட மாட்டேங்கிறான்."