அலைச் சத்தத்தைக் கூட்டாதேங்கோ

இல்லை முத்தலிப் நானா, அந்த இடத்தில கூட்ட ஏலாது. கூட்டினா அலையும் சேர்ந்து ஏறும். அந்தக் குரலும் அலையும் ஒரே டேப்பில ஒண்டா விழுந்தது, தேத்தண்ணியில கரைஞ்ச சீனி மாதிரி. இனி எப்பிடிப் பிரிக்கிறது?

பொறுங்கோ, கதவைச் சாத்திப்போட்டு வாறன். ஓம், புழுங்கும்தான். ஃபேன் வேண்டாம் நானா, அது இரைஞ்சா வெளியில ஆர் நடக்கினம் எண்டு எனக்குக் கேக்காது. ஸ்பீக்கரும் வேண்டாம், இந்த ஹெட்போனைப் போடுங்கோ. சேச்சே, என்ன பயம்? உங்கட படத்தின்ர கதை றோட்டில போறவைக்கு முதலே தெரியக்கூடாதெல்லே, அதுதான்.

நீங்கள் பிடிச்சுக்கொண்டு வந்து தரேக்க ஊமைப்படம்தானே. கமெரா கொண்டந்தீங்கள், சத்தம் பிடிக்க ஒண்டும் கொண்டரேல்லை. எல்லாம் இந்த றெக்கோடிங் கடைக்குள்ள நான் உண்டாக்கினது. கதாநாயகிக்கு விழுற அறை, இடுப்பில கட்டுற சாரத்தை நனைச்சு மடிச்சுச் சுவரில அடிச்சது. மழை, குசினியில அப்பளம் பொரிச்சது. மழையைப் பிறகு நானே திண்டும் போட்டன். தோணி கரையில உரசுறது, நீங்கள் இருக்கிற கதிரையைச் சீமெந்தில இழுத்தது. சிரிக்கிறீங்கள். தியேட்டரில ஒருத்தரும் சிரிக்கமாட்டினம், இருந்து பாருங்கோ.

கடல் மட்டும் சரிவரேல்லை. தகரத்தில மணலைப் போட்டு ஆட்டினன், அரிசி புடைக்கிற மாதிரிக் கேட்டுது. அதுக்குத்தான் மைக்கைத் தூக்கிக்கொண்டு துறைமுகப் பக்கம் போனனான். நேவிக் காம்பின்ர கம்பிவேலி முடியிற இடத்தில ஒரு பாறை இருக்கெல்லே, அதில. ஓம் நானா, போகக்கூடாத இடம்தான். வேற எங்க வைச்சாலும் லொறி விழும், றேடியோ விழும், இல்லாட்டி ஆரும் ஒருத்தர் வந்து என்ன தம்பி செய்யிறீர் எண்டு கேப்பினம்.

பிடிக்கேக்க எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. காதெல்லாம் காத்து. கடைக்கு வந்து போட்டுக் கேக்கத்தான், அலை வந்து திரும்பிப் போற அந்த இடைவெளிக்குள்ள... இப்ப வருது, கேளுங்கோ. ம். அதுதான்.

நல்ல நடிப்போ? ஆரெண்டு கேக்கிறீங்கள். பொறுங்கோ, வெளியில சைக்கிள் ஒண்டு நிக்குது.

போயிட்டுது.

வெட்டச் சொல்லுறீங்களோ? கூட்டாட்டி வெட்டு எண்டு. அதுவும் ஏலாது நானா. மாத்திப் போட என்னட்ட வேற கடல் இல்லை. அலுமாரியைத் திறந்து பாருங்கோ, துடைச்சு வைச்ச மாதிரி. திங்கக்கிழமை நேவி உடுப்புப் போட்ட ஆக்கள் வந்து டேப் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள். கலியாண வீட்டு நாதஸ்வரம், கோயில் பஜனை ஒண்டும் மிச்சமில்லை. நான் பாறையில நிண்டதை ஆரோ கண்டிருக்கினம். கடல் பிடிச்ச டேப்பும் அதோட போயிட்டுது. கலந்து முடிச்ச இந்தப் பெரிய ஸ்பூல் மட்டும் மெஷினில மாட்டினபடி கிடந்தது. போட்டுக் காட்டு எண்டாங்கள். போட்டன். நல்ல காலம், பாட்டு வாற இடம். ஒருத்தன் மேசையில தாளம் போட்டான். நானும் சேர்ந்து தாளம் போட்டன். இன்னும் கொஞ்சம் ஓட விட்டிருந்தா கடல் வந்திருக்கும். விடேல்லை, சிரிச்சுக்கொண்டு போயிட்டாங்கள். ஆனா திரும்பி வருவாங்கள் நானா. அங்க இருந்து அந்தக் கடல் டேப்பை முழுக்கக் கேட்டாங்கள் எண்டா, இதையும் தேடி வருவாங்கள்.

அதாலதான் கும்பிட்டுக் கேக்கிறன், கூட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். அலைக்குக் கீழ கிடக்கட்டும். கொழும்பில இந்தச் சத்தத்தைப் பிலிமில ஏத்திப் பிரதி எடுப்பினமெல்லே? ரெண்டு மூண்டு எடுத்தாக் காணும். ஒரு இடத்தில பறிச்சாலும் மற்ற இடத்தில இருக்கும். நீங்கள் இண்டைக்கே வெளிக்கிடுங்கோ. நாளைக்கு எண்டு சொல்லாதேங்கோ நானா, நாளைக்கு இந்தக் கடை திறந்திருக்குமோ தெரியாது.

ஏனிந்தப் பாடு எண்டோ? ஏன் ஹெட்போனைக் கழட்டிப்போட்டீங்கள்?

அது நடிப்பில்லை நானா. வேலிக்கு அங்கால கத்துறது எங்கட அண்ணன், இரத்தினசிங்கம். ஜெற்றியில வேலை செய்தவர், நீங்களும் கண்டிருப்பீங்கள். போன மாசம் வீட்டை வந்து கூட்டிக்கொண்டு போனவங்கள். அப்பிடி ஒரு ஆளை நாங்கள் கொண்டரவே இல்லை எண்டு புஸ்பராணி அண்ணிக்குச் சொல்லிப்போட்டாங்கள். அவ இன்னும் சோத்துப் பார்சலோட காம்ப் கேற்றடியில நிக்கிறா. நான் பாறைக்குப் போனது அதுக்குப் பிறகு.

சரி, ஸ்பூலைப் பெட்டிக்குள்ள வைக்கிறன். பஸ்ஸில பாட்டுப் போடுற ஸ்பீக்கர் இருக்கும், அதுக்குக் கிட்ட வையாதேங்கோ, மடியிலயே வைச்சிருங்கோ. காந்தம் பட்டா அண்ணன் அழிஞ்சு போவார்.