கண்டக்டர் இருந்த கொட்டடி

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி ஐயா. எங்கள் உத்தியோகத்தில் உட்கார்ந்து பேசக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நின்று நின்றே முழங்கால் இரண்டும் போய்விட்டன. டீ ஆறினாலும் பரவாயில்லை, எனக்கு அப்படிக் குடித்துத்தான் பழக்கம்.

கண்டக்டரைப் பற்றிக் கேட்கிறீர்கள். கொட்டடியைப் பற்றி முதலில் சொன்னால்தான் அது விளங்கும். நாற்பது பேருக்கென்று கட்டிய கூடம் அது. நான் தலைமை வார்டராகப் போனபோதே நூறைத் தாண்டியிருந்தது. அதில் பாதிக்கு மேல் தண்டனையே பெறாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாதவன், வக்கீல் முகத்தையே பார்க்காதவன், வாய்தா மேல் வாய்தா போட்டு எதற்காக உள்ளே வந்தோம் என்பதே மறந்துபோனவன். வருவதற்கு ஆயிரம் வழி இருந்தது. போவதற்கு இருந்தது கோர்ட்டுக்குப் போகிற வேன் ஒன்றுதான். அதில் யாரை ஏற்றுவது என்பது என் பொறுப்பு. ஏறாதவனுக்கு இன்னொரு வாய்தா.

அந்தக் கூடத்தில் மல்லாந்து படுக்க முடியாது. ஒருவன் முதுகில் இன்னொருவன் மூச்சு படும்படி எல்லோரும் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஒருவன் புரண்டால் வரிசையே புரண்டாக வேண்டும். அடிதடியெல்லாம் அதில்தான். முழங்கை மூக்கில் இடிக்கும், எழுந்து உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். ஒருவனுக்குக் கண்ணே போயிற்று. மேலிடத்தில் கைகட்டி நின்று பதில் சொல்கிறவன் நான்.

கண்டக்டர் வந்த பிறகு இது நின்றது. பஸ் கண்டக்டராகவே இருந்தவன். படிக்கட்டில் தொங்கிய பயணி ஒருவனோடு வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு, அந்த ஆளுக்குக் கை முறிந்தது. வழக்கு அவ்வளவுதான். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட அவனுக்கும் ஆளில்லை. கூட்டத்தை நகர்த்துவது அவனுக்குக் கைவந்த கலை. வந்த சில நாளிலேயே கூடத்துக்குச் சொல்லிவிட்டான்.

"யாரும் தனியா புரளாதீங்க. நான் குரல் குடுப்பேன், அப்பத் திரும்பினா போதும். வலது பக்கம்... மெதுவா... இடிக்காம... அவ்வளவுதான், தூங்குங்க."

நூறு பேரும் பாதித் தூக்கத்திலேயே ஒரே ஆளைப் போலத் திரும்பினார்கள். கம்பிக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குப் பிறகு சண்டை என்ற பேச்சே இல்லை.

"உன் கொட்டடி மட்டும் எப்படிய்யா இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று சூப்பிரண்டு கேட்டார். நான் சிரித்து வைத்தேன். என் சர்வீஸில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் கண்டக்டரின் வாய்தா வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால், உள்ளே இருந்த காலத்தையே தண்டனையாகக் கழித்து அன்றைக்கே விட்டுவிடுவார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சட்டையைத் துவைத்து, கையாலேயே நீவி, போட்டுக்கொண்டு தயாராக நின்றான். கோர்ட்டுக்கு, ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவனிடம் வேனில் இடமில்லை என்றேன். முதல் தடவை மனசு உறுத்தியது. அடுத்த வாய்தாவுக்கு அவ்வளவாக இல்லை. ஒவ்வொரு தடவையும் அவன் சட்டையைத் துவைப்பான். மூன்று வருடம் ஓடிவிட்டது. வழக்கு நிரூபணமாகியிருந்தால்கூடச் சில மாதங்கள்தான் கிடைத்திருக்கும்.

அவன் மனைவி பார்க்க வருவாள்.

"அண்ணே, இந்தத் தடவையாச்சும் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவீங்கல்ல? பொண்ணு அப்பா மூஞ்சியவே மறந்துடும் போல இருக்கு."

"நானாம்மா வேண்டாங்கறேன்? வண்டியில இடம் இருந்தா மொத ஆளா ஏத்திவிட மாட்டேனா?"

"நீங்க இருக்கீங்கங்கற தைரியந்தாண்ணே எனக்கு."

பார்க்கப் பாவமாக இருந்தது. மற்றவர்களைவிட அவளுக்குக் கூடுதல் நேரம் பேசக் கொடுத்தேன். அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டவளுக்கு அதையாவது செய்ய வேண்டாமா?

அவனுக்கும் ஜன்னலோரமாக நல்ல இடம் ஒதுக்கியிருந்தேன். மழையில் அங்கே சாரல் அடிக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. முதலில் இருமல், பிறகு காய்ச்சல்.

"சார், மூச்சு விட முடியல. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்க சார்."

அந்த வாரம் பார்த்து ஒரு பெரிய கும்பலைப் பிடித்துக்கொண்டு வந்து தள்ளியிருந்தார்கள். எள் போட்டால் எள் விழாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் லேசில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

"ரெண்டு நாள் பொறுத்துக்கப்பா. புதுசா வந்தவனுங்க பழகட்டும்."

"சரி சார்" என்றான். அவன் என்றைக்குமே எதிர்த்துப் பேசியதில்லை. இருமிக்கொண்டே குரல் கொடுத்தான்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தேன். எல்லோரும் இடது பக்கமே படுத்துக் கிடந்தார்கள். விடிய விடிய அப்படியே கிடந்திருக்கிறார்கள். கை மரத்துப்போய்ச் சிலரால் ஊன்றி எழுந்திருக்கக்கூட முடியவில்லை. என்னடா இது என்று கேட்டேன்.

"குரல் வரல சார்."

இதோ வரும், இதோ வரும் என்று காத்துக்கொண்டே கிடந்திருக்கிறார்கள். அவன் அசந்து தூங்குகிறான் என்று நினைத்து, பக்கத்தில் படுத்திருந்தவன்கூட எழுப்பவில்லை. நான் போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு விறைத்திருந்தது.

நான் அவனை அடித்ததில்லை ஐயா. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவன் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். யார் சொல்லியும் செய்யவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடத்தில் இப்போது மறுபடியும் அடிதடி, போன வாரம் ஒருவனுக்குத் தாடை உடைந்தது. எனக்கு அலுத்துவிட்டது.

வருத்தம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லாமல் இருக்குமா? அவன் மனைவி வந்து உடலை வாங்கிக்கொண்டு போனபோது, என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் மேல் தப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அவன் நன்றாக இருக்கும்போதே இன்னொருவனைப் பழக்கி வைத்திருக்க வேண்டும்.